எடை போடாத சேலை

அத்தியாயம் 17

போன வாரம் அருள்ராணியும் அக்னஸும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஆஷ்லினின் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் தகராறு. திண்டிவனத்தில் ஏசி ரூம் உள்ள தனியார் ஆஸ்பத்திரி வேண்டும் என்றாள் அக்னஸ். ஒலக்கூரைத் தாண்டி ஆலமங்கலத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போதும் என்றாள் அருள்ராணி. அவள் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஊரார் பிள்ளைகள் பிறந்த கட்டிலில்தான் தன் பேரப்பிள்ளையும் பிறக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஜெயித்தும் விட்டாள்.

ஜெயித்ததில் ஒரு சிக்கல் இருந்தது. அக்னஸ் வெறும் நாத்தனார் இல்லை, சம்பந்தியும்கூட. அருள்ராணியின் மகள் ஆஷ்லின், அக்னஸின் மகன் ஜெஸ்வினைக் கட்டிக்கொண்டவள். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "ரத்த சொந்தத்துல வாணாம் அண்ணி, பொறக்கற புள்ளைக்கு நல்லதில்ல" என்று நர்ஸ் புத்தியில் அருள்ராணி சொல்லிவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் பிடிவாதம் பிடித்து, ஆயரிடம் அனுமதி வாங்கி, கல்யாணம் நடந்து இரண்டு வருடமாகிறது. அக்னஸ் அந்தப் பேச்சை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஆஷ்லினுக்குப் பனிக்குடம் உடைந்தது. குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதே வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் விழுப்புரத்தில் அருள்ராணியின் மீட்டிங்.

ஏழு மணிக்கு மகளைப் பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள் அருள்ராணி.

"மூணு சென்ட்டிமீட்டர்தான் திறந்திருக்கு. தலைப்பிரசவம். எப்படியும் சாயங்காலம் ஆவும்."

"அப்போ நீ போயிட்டு வந்துடும்மா," என்றாள் ஆஷ்லின். வலி விட்ட நேரம் என்பதால் சிரிக்கவும் முடிந்தது. "பதினோரு மாசமா வீட்ல இந்தப் பேச்சுதான். நீ போவாம இங்க நின்னுகினு இருந்தா எனக்குத்தான் பேஜாரு."

"அதான் நான் இருக்கேன்ல அக்கா," என்றாள் சித்ரா. அனந்தபுரத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. ஒப்பந்த நர்ஸ். வருடா வருடம் கையெழுத்து வாங்கித்தான் வேலையில் நீடிக்கிறாள்.

மீட்டிங் சாதாரண மீட்டிங் இல்லை. அருள்ராணி கண்டுபிடித்த ஒரு காரியத்தை மாவட்டம் முழுவதற்கும் உத்தரவாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடுகிறார்கள். கண்டுபிடிப்பு என்று சொன்னால் அவளே கூச்சப்படுவாள். ஒரு காய்கறிக் கடைத் தராசு, அவ்வளவுதான். பிரசவத்துக்கு விரிக்கும் துணி ஒவ்வொன்றையும் காய்ந்திருக்கும்போதே எடை போட்டு, நம்பர் குத்தி வைப்பாள். நனைந்த பிறகு மறுபடி தராசில் போடுவாள். ஏறிய எடைதான் தாய்க்குப் போன ரத்தம், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. ஐநூறைத் தொட்டால் ஆபத்து.

இவ்வளவு நாளும் அது கண்மதிப்பாகத்தான் நடந்தது. கண்ணும் ஏமாந்துகொண்டுதான் இருந்தது.

அவள் கேட்டது இரண்டு. எல்லா சுகாதார நிலையத்திலும் தராசு வேண்டும். ஐநூறைத் தொட்டதும், டாக்டர் போனை எடுக்கும்வரை காத்திராமல், நர்ஸே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அதிகாரம் வேண்டும். இரண்டாவதில்தான் பலருக்கும் தயக்கம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் அக்னஸ் உள்ளே வந்தாள். மார்போடு சேர்த்து ஒரு துணிப்பை. அதிலிருந்து நீலக்கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை இரண்டு கைகளாலும் எடுத்தாள்.

"மாதாவுக்குச் சாத்தின சேலை. திருநாள் முடிஞ்சதும் சாமியார்கிட்ட கேட்டு வாங்கி வச்சேன். இது மேலதான் என் பேரப்புள்ள பொறக்கணும்."

அக்னஸ் பங்குக் கோயிலின் மாதா சபைத் தலைவி. சேலையைப் பெட்டியில் வைத்து, தினம் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டவள். அருள்ராணிக்கும் அது தெரியும்.

வெளித் துணி எதுவானாலும் தராசில் ஏறி, நம்பர் வாங்கிக்கொண்டுதான் அந்த அறைக்குள் வர வேண்டும். சட்டம் போட்டவளே அவள்தான். வேறு யாருடைய மாமியாராவது கொண்டுவந்திருந்தால் இரண்டு வார்த்தை நறுக்கென்று சொல்லி, சேலையைத் தராசில் வைத்திருப்பாள். மாதாவின் சேலையைத் தக்காளி நிறுக்கும் தட்டில் போட்டு, மார்க்கரால் நம்பர் எழுதினால் அக்னஸ் என்ன ஆடு ஆடுவாள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிரசவ அறையில், மகளின் காதுபட, இன்னொரு சண்டை.

"சரிங்க அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

வலிக்கும் நேரத்தில் சித்ரா எப்படியும் அதை எடுத்து ஓரம் வைத்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சித்ராவிடம் சொல்லவில்லை. தப்பு என்று அப்போதே தெரிந்துதான் செய்தாள்.

வெளியே அவள் கணவன் ஜூட் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டுகிறவன். அன்று வேலைக்குப் போகாமல் இவளைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வந்திருந்தான்.

"அக்காகிட்ட சண்டை போடாம வந்துட்டியே," என்றான் பாதி வழியில். "அதுவே பெருசு. மாதாவே எறங்கி வந்த மாதிரி இருக்கு."

"போட்டிருக்கணுங்க," என்றாள் அருள்ராணி.

காற்றில் அவனுக்கு அது கேட்கவில்லை.

விழுப்புரத்தில் மீட்டிங் ஹால் நிறைய ஃபைல்களும் டீ கப்புகளுமாக இருந்தது. நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். தலைமை இடத்தில் மாவட்ட சுகாதார அதிகாரி விருத்தாசலம். பார்வையிலேயே 'சுருக்கமாச் சொல்லும்மா' என்று சொல்லிவிடும் ஆள். அவருக்கு இடது பக்கம் டாக்டர் அன்புச்செல்வி. பிரசவ டாக்டர், முப்பது வருட அனுபவம், யாரையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார் என்று பெயர்.

அருள்ராணி சுருக்கமாகவே ஆரம்பித்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அதில் சிவப்புச் சாயத் தண்ணீரில் முழுக்க நனைத்த பிரசவத் துணி ஒன்று இருந்தது.

"இதுல எவ்ளோ இருக்கும் சார்? ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க."

"நூறு மில்லி," என்றார் ஒருவர். "நூத்தம்பது," என்றார் இன்னொருவர். அன்புச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "இருநூறு இருக்கலாம்," என்றார்.

அருள்ராணி தராசை எடுத்து வைத்து, துணியைப் போட்டாள். காய்ந்த எடையைக் கழித்தால் முந்நூற்றைம்பது. மேஜையைச் சுற்றி ஒரு சலசலப்பு. விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்பரை ஒருமுறை நேராகப் பார்த்தார்.

"போன வருஷம் பெருமுக்கல் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எங்ககிட்ட வந்துச்சு சார். ரெண்டாவது பிரசவம். நல்லபடியாத்தான் பெத்தா. எங்க ஊர் பக்கம் பிரசவத் துணி வெளி ஆள் கண்ணுல படக்கூடாதுன்னு ஒரு வழக்கம். கூட வந்தவங்க துணியை ஒண்ணொண்ணா எடுத்துகினு போயி, அலசி, காயப் போட்டுட்டாங்க. நான் கட்டில்ல இருந்ததை மட்டும் பார்த்து, ரத்தப்போக்கு குறைவுன்னு என் கையால எழுதினேன். ஒண்ணேகால் மணி நேரத்துல அவளுக்கு நெனவு போயிடுச்சு. வண்டியில ஏத்திட்டு வெளிய வந்து பார்க்கறேன், பின்பக்கக் கொடியில எட்டுத் துணி காய்ஞ்சுகினு இருக்கு."

அந்தப் பெண் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

"அதுக்கப்புறம்தான் தராசு வாங்கினோம். பதினோரு மாசம். நூத்தி எழுபத்தி ரெண்டு பிரசவம். ஒன்பது பேரை நேரத்தோட அனுப்பினோம். ஒன்பது பேரும் வீட்ல இருக்காங்க."

அன்புச்செல்வி பேனாவை மூடி வைத்தார். "எல்லாம் சரி சிஸ்டர். துணியே உங்க தராசுக்கு வரலைன்னா?"

"வரும் மேடம். எடை போடாத துணி எங்க ரூமுக்குள்ள போவாது. இந்தப் பதினோரு மாசத்துல ஒரு துணிகூடத் தவறினதில்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீலக்கரை கண் முன்னால் வந்து நின்றது. வார்த்தையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். பன்னிரண்டு ஜோடிக் கண்கள் அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. வாங்கவில்லை.

காலடியில் இருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

நாம் போடும் கணக்குக்குப் பிள்ளை பிறப்பதில்லை. சாயங்காலம் என்று அருள்ராணி சொன்ன பிரசவம் ஆலமங்கலத்தில் பதினொன்றே முக்காலுக்கு முடிந்துவிட்டது.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. சித்ரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலையில் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மருக்கு ஓடினாள். முதுகைத் தேய்த்து, சளியை உறிஞ்சி, முகமூடி வைத்துக் காற்று அழுத்தி, அது ஒருவழியாகக் கத்தி முடிக்கும்போது ஏழெட்டு நிமிடம் போயிருந்தது. அந்த ஏழெட்டு நிமிடமும் ஆஷ்லினின் பக்கத்தில் அக்னஸ்தான் இருந்தாள்.

சித்ரா திரும்பி வந்து துணிகளைத் தராசில் போட்டாள். முந்நூற்றுப் பத்து. அவ்வளவு பயமில்லை.

ஆனால் ஆஷ்லினின் உதடு வெளுத்திருந்தது. நாடி நூற்றிருபதைத் தாண்டி ஓடியது. வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை சுருங்காமல் கொழகொழவென்று இருந்தது. முந்நூற்றுப் பத்துக்கு இப்படி ஆகாதே என்று சித்ரா மறுபடி துணிகளை எண்ணினாள். நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. கட்டிலில் விரித்திருந்த சேலை மட்டும் இல்லை. அக்கா எடை போட்டுத்தான் விட்டிருப்பாள் என்று நினைத்து அவள் அதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

ஆயாவை வயிற்றைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்தாள். குழாயடியில் அக்னஸ் குனிந்து சேலையை அலசிக்கொண்டிருந்தாள். கால்வாயில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"ஐயையோ, இன்னாம்மா பண்றீங்க?"

"மாதா சேலைம்மா. உங்க மஞ்சப் பையில போட்டு எரிக்க அனுப்பிடுவீங்க. அது தகுமா?"

"எவ்ளோ நனைஞ்சிருந்துச்சு? சொல்லுங்க, ஜல்தி."

"கொஞ்சம்தான்," என்றாள் அக்னஸ், நிமிராமல்.

சித்ரா உள்ளே ஓடினாள். ஊசி போட்டு, டிரிப் ஏற்றிக்கொண்டே நிலையத்து டாக்டர் கோபியைப் போனில் கூப்பிட்டாள். அவர் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்த ஊரில் டவர் கிடைக்காது. இரண்டு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அருள்ராணியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தராசு சொன்னது முந்நூற்றுப் பத்து. விதி சொன்னது ஐநூறு. டாக்டர் சொல்லாமல் அனுப்பினால் கேள்வி வரும், அதுவும் ஒப்பந்தக்காரிக்கு வரும். ஒன்றும் இல்லாமல் போய்விட்டால், பயந்து போய் வண்டியைக் கூப்பிட்ட நர்ஸ் என்று ஃபைலில் ஏறும். அடுத்த வருடக் கையெழுத்து கிடைக்காது. இதெல்லாம் சித்ராவுக்குத் தோன்றாமல் இல்லை.

அவள் சார்ட்டை இழுத்தாள். முந்நூற்றுப் பத்துக்குக் கீழே எழுதினாள்: 'காணாத துணி ஒன்று. முழுதும் நனைந்ததாக எடுத்துக்கொள்கிறேன். 350. மொத்தம் 660.' கையெழுத்துப் போட்டாள். 108-ஐக் கூப்பிட்டாள்.

மீட்டிங் ஹாலில் அருள்ராணி மேஜைக்கு அடியில் போனைப் பார்த்தபோது சித்ராவின் செய்தி இருந்தது. பெண் குழந்தை, ரத்தம் நிற்கவில்லை, ஆஷ்லின் மாமியார் சேலையை எடுத்து அலசிவிட்டார்கள், 660 என்று எழுதித் திண்டிவனம் கொண்டு போகிறேன்.

இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறையும் அதேதான் எழுதியிருந்தது.

விருத்தாசலம் வரைவு உத்தரவைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?"

அருள்ராணி எழுந்தாள்.

"சார், நான் இப்ப சொன்னது தப்பு. ஒரு துணி தவறிடுச்சு. இன்னிக்குத்தான், இப்பத்தான். என் பொண்ணோட பிரசவம். எங்க வீட்டு ஆளே எடுத்து அலசிட்டாங்க."

டீ கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று முதலில் கேட்டவர் அன்புச்செல்விதான்.

"வண்டியில இருக்கா மேடம். டிரிப் ஏறுது."

"தராசுல எவ்ளோ?"

"முந்நூத்திப் பத்து."

"அப்புறம் எதை வச்சு உங்க நர்ஸ் அனுப்பினாங்க?"

"காணாத துணியை நெறைஞ்ச துணியாக் கணக்குப் பண்ணியிருக்கா மேடம். அது நான் சொல்லிக் குடுத்ததில்ல. அவளா யோசிச்சது."

அன்புச்செல்வி பேனாவைத் திறந்து, வரைவின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, விருத்தாசலத்தின் பக்கம் தள்ளினார். 'கணக்கில் வராத துணி, முழுதும் நனைந்த துணியாகவே கொள்ளப்படும்.' அவர் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"இந்த வரி நல்லாருக்கு. சேர்த்து டைப் பண்ணுங்க, அஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்." பிறகு குரல் மாறியது. "ஆனா உத்தரவு இன்னும் வரல. இப்ப இருக்கற விதிப்படி டாக்டர் சொல்லாம அனுப்பினது தப்புதான். அந்தப் பொண்ணு மூணு நாள்ல எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணும். அதை நான் விட முடியாது."

"சார், அவளாலதான்..."

"தெரியும். அதையே எழுதச் சொல்லுங்க. நீங்க முதல்ல கிளம்புங்க."

அன்புச்செல்வி வாசல் வரை வந்து, தன் போன் நம்பரை அவள் போனில் தட்டிக் கொடுத்தார். "பொண்ணைப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க."

வழியெல்லாம் அருள்ராணி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்க வீட்டு ஆளே எடுத்துட்டாங்க என்று சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மகளை நினைத்துப் பயம் ஒரு பக்கம் என்றால், இந்த அரை உண்மை இன்னொரு பக்கம் அரித்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஜூட் கூப்பிட்டான்.

"ரத்தம் நின்னுடுச்சாம். ஒரு யூனிட் ஏறிடுச்சு, ரெண்டாவது ஏறிக்கினு இருக்கு. ஜெஸ்வின் ஒரகடம் கம்பெனியில இருந்து கிளம்பிட்டான். நீ பதறாம வா அருளு."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஷ்லின் கண் மூடிப் படுத்திருந்தாள். முகம் காகிதம் போல இருந்தது. அருள்ராணி முதலில் பார்த்தது நாடியை, அப்புறம் நகத்தை, அப்புறம் யூரின் பையை. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

"மீட்டிங் இன்னா ஆச்சும்மா?"

"அது கெடக்கு. நீ பேசாத."

"சித்ரா அக்கா வண்டியில என் கையை விடவே இல்லம்மா. தூங்காதே தூங்காதேன்னு திட்டிக்கினே வந்தாங்க."

டியூட்டி டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். "கண்ட்ரோல்ல இருக்கு சிஸ்டர். ஆனா ஹீமோகுளோபின் நாங்க நெனச்சதைவிட ரொம்ப இறங்கியிருக்கு. மூணாவது யூனிட்டும் வேணும்."

அருள்ராணிக்கு அது உறுத்தியது. அறுநூற்றறுபது போனவளுக்கு மூன்று யூனிட் எதற்கு? ஜூட் ரத்த வங்கிக்கு ஓடினான்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்னஸ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். அருள்ராணி குனிந்து குழந்தையைப் பார்த்தாள். பெருசாக மூக்கு, ஜூடின் மூக்கு. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஆஸ்பத்திரிதான் வேணும்னு நின்னியே," என்றாள் அக்னஸ்.

அருள்ராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க அந்தச் சேலையை எடுக்காம இருந்திருந்தா..."

"நான் எடுத்தேன். இல்லேன்னு சொல்லல." அக்னஸின் குரல் உயரவில்லை, அதுதான் புதிதாக இருந்தது. "நீ பார்த்தியே அருளு. காலைல என் கையில பார்த்தியே. தராசுல போடணும் அண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். கத்தட்டும்னு விட்டுட்டு நீ புடுங்கிப் போட்டிருக்கணும். ஊர்ல இருக்கற மாமியாருங்களை எல்லாம் நீ எப்படி மிரட்டுவேன்னு எனக்குத் தெரியாதா? எனக்குப் பயந்துகினு என் மருமவளை அப்படியே விட்டுட்டுப் போயிட்டியா?"

உன் மகளை என்று சொல்லாமல் என் மருமகளை என்று சொன்னதில், அத்தனை நாள் கசப்புக்கு அடியில் இருந்த பிரியம் முழுதும் தெரிந்தது. அதைக் கேட்கத் தனக்குத் தகுதி இல்லை என்று அருள்ராணி நினைத்தாள்.

மணி நாலேகால். ஐந்து மணிக்குக் கையெழுத்து. சும்மா இருந்தால் உத்தரவு வந்துவிடும். மாவட்டம் முழுக்கத் தராசு வரும், இனி எவளும் கொடியில் காயும் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. சொன்னால், விதி போட்டவளே வீட்டு ஆளுக்காக விதியை மீறினாள் என்பார்கள், இதை எப்படி ஊர் முழுக்க நடத்துவீர்கள் என்பார்கள். சொல்லாவிட்டால் சித்ரா தனியாக நின்று விளக்கம் எழுதுவாள். எடை போடாத சேலை எப்படி அறைக்குள் வந்தது என்பதுதான் அவளிடம் கேட்கப் போகும் முதல் கேள்வி. அதற்கு அவளிடம் பதில் இல்லை.

போனை எடுத்தாள்.

"மேடம், ஆலமங்கலம் அருள்ராணி பேசறேன். பொண்ணு பரவால்ல. மூணாவது யூனிட் ஏத்தப் போறாங்க."

"நல்லது, நல்லது," என்றார் அன்புச்செல்வி. "பேப்பர் டைப் ஆகி என் மேஜைக்கு வந்துடுச்சு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் மேடம். காலைல அந்தச் சேலையை நான் பார்த்தேன். எடை போடாம உள்ள விட்டது நான்தான். சம்பந்தி வீட்டோட சண்டை வாணாம்னு விட்டுட்டேன். எடை போடலைன்னு சித்ராவுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

மறுபக்கத்தில் பேப்பரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"இதை ஏம்மா இப்ப சொல்றீங்க? இன்னும் முக்கால் மணி நேரத்துல கையெழுத்து ஆகியிருக்கும்."

"தெரியும் மேடம்."

"சார் கேட்டா இது நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு தூக்கி வச்சிடுவாரு."

"தெரியும் மேடம். ஆனா விளக்கம் சித்ரா பேர்ல வாணாம். என் பேர்ல அனுப்புங்க. அவ தராசை விடச் சரியாப் பார்த்தா. அவளைக் கேள்வி கேட்டா, அடுத்த தடவை எந்த நர்ஸும் வண்டியைக் கூப்பிட மாட்டா."

அக்னஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். குழந்தையை அருள்ராணியின் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கிப் பழக்கமில்லை, எடுத்துக்கொண்டுதான் பழக்கம்.

"அம்மா, நான் அந்தப் பொண்ணோட மாமியாரு பேசறேங்க. என் பேரு அக்னஸ். இவ சொல்றது நெசம்தான். ஆனா இவளுக்கே தெரியாதது ஒண்ணு இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"நான் எடுத்தது சேலை மட்டும் இல்லீங்க. புள்ளையைத் தூக்கிகினு நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், மாதா சேலையில கறை படக்கூடாதுன்னு அது மேல எங்க வீட்டுக்காரரோட பழைய வேட்டி ரெண்டை மடிச்சுப் போட்டேன். அவரு பேரு தொம்மை, செத்து ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டும் நெறைஞ்சு, சேலைக்கும் எறங்கிடுச்சு. மூணையும் சுருட்டி எடுத்துகினு போனேன். அந்த நர்ஸ் பொண்ணு கேட்டப்போ கொஞ்சம்தான்னு சொல்லிட்டேன். பயத்துல சொன்னேங்க. பிழியப் பிழிய வந்துகினே இருந்துச்சு."

அருள்ராணியின் மனம் தன்னால் கணக்குப் போட்டது. முந்நூற்றுப் பத்து. அதோடு மூன்று முந்நூற்றைம்பது. ஆயிரத்து முந்நூற்று அறுபது.

சித்ரா தராசை மட்டும் நம்பி இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால்? குழந்தையை இறுக்கிக்கொண்டு, சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு மேல எதுவும் எழுதாதீங்கம்மா," என்று அக்னஸ் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுதணும்னா என்னைக் கூப்பிடுங்க. விழுப்புரத்துக்கே வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அன்புச்செல்வி என்ன பதில் சொன்னார் என்று அருள்ராணிக்குக் கேட்கவில்லை. அக்னஸ் போனைக் காதிலிருந்து எடுத்து, அவளைப் பார்த்தாள்.

"உடனே விழுப்புரத்துக்குக் கிளம்பி வந்து சார்கிட்ட சொல்லச் சொல்றாங்க. உன்னையில்ல, என்னை."